எலி சொருகிய கேபிள்

ஓய்வூதிய அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாராம். அவரை யாராவது முறைத்தால், முறைத்தவரின் கம்ப்யூட்டருக்கு மறுநாளே நெட் போய்விடுமாம். இதை எனக்குச் சொன்னவர் என் சித்தப்பா. சித்தப்பா பொய் சொல்கிறவர் அல்லர். பிறர் சொல்லும் பொய்யை வாங்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிறவர்.

"துணை இயக்குநர் அந்தம்மாவை ஏதோ ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. மறுநாள் ஆறு மாடியும் அவுட். பதினோரு நாள் நெட்டே இல்லை."

"பதினோரு நாளா சித்தப்பா?"

"லைன்ல அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. நான் போன அன்னிக்கு நாலு மணி நேரம்."

சித்தப்பா போன அன்று உயிர்ச்சான்று எடுக்கும் நாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஓய்வூதியக்காரர்கள் நேரில் வந்து, ஒரு கருவியின் மேல் விரலை வைத்து, தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அன்றைக்குக் கூடத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். இருமினார்கள், தும்மினார்கள், நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை அவர்களில் ஒருவர்கூட உயிரோடு இருப்பதாகப் பதிவாகவில்லை. சித்தப்பா அந்த நான்கு மணி நேரத்தை அலுவலகத்தின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

விசாரிக்கலாம் என்று கிளம்பினேன். அதற்குள் அந்தச் சம்பவம் நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வதந்திக்கு மட்டும் வயதாகவில்லை. கீழ்த்தளத்தில் காவலாளியிடம் கேட்டதுமே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போர்ட் அக்காவா? மூணாவது மாடி, கடைசி ரூம். கதவைத் தட்டிட்டுப் போங்க. சிரிச்ச முகமாப் போங்க."

சிரித்த முகமாகப் போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்த சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, இன்னொரு நாற்காலியின் மேல் கேபிள் சுருள்கள். சுவரோரம் ஆளுயர இரும்புச் சட்டம், அதில் வரிசையாகப் பெட்டிகள். மேசையின் மேல் சமையலறையில் வைக்கிற மணியடிக்கும் டைமர் ஒன்று. போர்ட் அக்கா ஒரு கேபிளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிய வயது, தடித்த கண்ணாடி. யாரையும் முறைக்கிற முகமாகத் தெரியவில்லை. லேபிள் கோணலாக விழுந்தபோது அதை மட்டும் முறைத்தார்.

அவர் பார்க்கும் ஸ்விட்ச் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் அல்ல. சூட்கேஸ் அகலத்துக்கு ஒரு தகரப் பெட்டி, அதன் முகத்தில் நாற்பத்தெட்டு ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. ஓட்டைக்குப் பெயர் போர்ட். கட்டடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர், பிரிண்டர், விரல் வைக்கும் கருவி எல்லாம் கேபிள் வழியாக ஏதோ ஒரு போர்ட்டில் வந்து சேர வேண்டும். கணக்குப் பிரிவின் பேச்சு வரவேற்புக் கூடத்தின் காதில் விழக் கூடாது, வரவேற்புக் கூடத்தின் தும்மல் இயக்குநர் அறைக்குப் போகக் கூடாது. எந்த ஓட்டை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பெட்டிக்குச் சொல்லி வைப்பதுதான் அவருடைய வேலை. இப்படி ஆறு மாடிகளிலும் பதினொரு பெட்டிகள்.

"எங்க பொண்ணு ஸ்கூல்ல கேட்டாங்களாம், அம்மா என்ன வேலைன்னு. லைட்டு மினுக்குதான்னு பாக்குற வேலைன்னு சொல்லியிருக்கா" என்றார்.

"தப்பா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

ஒன்பது வருஷமாக அந்த வேலை. ஒன்பது வருஷமும் ஒப்பந்தம். ஒவ்வொரு ஆண்டும் ஒரு கோப்பு மேலே போகும், யாராவது கையெழுத்துப் போடுவார்கள், அக்கா இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமாக இருப்பார். டேட்டா என்ட்ரிக்கு என்று சேர்ந்தவர். முன்பிருந்த ஆள் ஒரு நாள் சாப்பிடப் போய்த் திரும்பி வரவில்லை. பாஸ்வேர்டு எழுதிய சீட்டு இவருடைய மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சீட்டுக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரோ அவர்தான் நெட்வொர்க் பொறுப்பு என்று நிர்வாகம் முடிவு செய்தது.

டைமர் எதற்கு என்று கேட்டேன். மற்ற மாடிகளில் இருக்கும் பெட்டிகளை அவர் இந்த நாற்காலியில் இருந்தபடியே மாற்றுவார். ஒரு வரி தப்பாகப் போனால் பெட்டி அவர் பேச்சையே கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் பெட்டிக்கு ஒரு கட்டளை: பத்து நிமிஷத்தில் நீயாகவே அணைந்து எழுந்துகொள். அவர் வெளியே மாட்டிக்கொண்டால், பெட்டி எழுந்திருக்கும்போது சேமிக்காத மாற்றத்தை மறந்துவிட்டுப் பழையபடி வழிக்கு வந்துவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அந்தக் கட்டளையை அவர் ஞாபகமாக ரத்து செய்ய வேண்டும்.

"ஒரு தடவை ரத்து பண்ண மறந்துட்டேன். மாசக் கடைசி, கணக்குப் பிரிவுல எல்லாரும் மும்முரமா இருக்காங்க. பத்தாவது நிமிஷம் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டுது. அன்னிலேருந்து டைமர்."

டைமர் வீட்டிலிருந்து வந்தது. அதனால் வீட்டில் முட்டை வேக வைப்பது இப்போது உத்தேசமாக நடக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் அவருடைய கணவருக்கு இது பற்றி ஒரு மனக்குறை உண்டு.

இனி வதந்திக்கு வருகிறேன். அதற்கு ஒரு பிறந்த நேரம் இருக்கிறது. உயிர்ச்சான்று நாளுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணி, மூன்றாவது மாடி நடைபாதை. அந்த மாதத்தோடு அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் கோப்பு துணை இயக்குநரின் மேசையில் கிடக்கிறது. அக்கா அவரை மடக்கிக் கேட்டார்.

"சார், என் ஃபைல் உங்க டேபிள்ல மூணு வாரமா இருக்கு."

"இருக்கட்டும்மா. அது எங்க ஓடிப் போகப் போகுது? உன்னை மாதிரி பத்துப் பேர் வெளியில வரிசையா நிக்கிறாங்க."

"நிக்கட்டும் சார். உள்ள வந்தா அவங்களுக்கும் போர்ட் நான்தான் குடுக்கணும்."

நடைபாதையில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். துணை இயக்குநர் நான்கு பேரையும் முகம் பார்த்து மனசில் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் ஆறு மாடியும் விழுந்தது. அந்த நான்கு பேருக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை.

விழுந்தபோது அக்கா இதே அறையில்தான் இருந்தார். பெட்டியில் இருந்த பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில், மந்திரிக்குக் கை தட்டுகிற கூட்டம் மாதிரி, மினுக்க ஆரம்பித்தன. தனித்தனியாக மினுக்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். சேர்ந்து மினுக்கினால் எங்கேயோ வளையம் விழுந்துவிட்டது. ஒரு தகவல் ஒரு ஓட்டை வழியாகப் போய் இன்னொன்று வழியாக அதே பெட்டிக்குத் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி, ஒன்று நூறாகி, நூறு கோடியாகி, கட்டடம் முழுக்க அதுவே நிரம்பிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடி பெட்டியிடம் பேசலாம் என்றால் பெட்டிக்கு நின்று பேச நேரமில்லை.

காலால்தான் தேட வேண்டும். கீழ்த்தளத்தில் தாய்ப் பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு மாடிக்கும் போகிற கேபிளை அங்கே ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் எந்த மாடியில் வளையம் என்று தெரிந்துவிடும். அந்த அறையின் சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருந்தது. ஸ்டோர் கீப்பர் தன் மாமனாரோடு உயிர்ச்சான்று வரிசையில் நின்றிருந்தார்.

"சாவி இடுப்புலதான் இருக்கு. ஆனா நான் நகர்ந்தா இடம் போயிடும்" என்றார்.

"நெட்டே இல்லை. வரிசையே நகரல."

"நகராத வரிசையில இடத்தை விட்டா அப்புறம் கிடைக்காதும்மா."

சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பதற்கு விதி இடம் கொடுக்கவில்லை. பதிவேட்டில் கையெழுத்து வேண்டும், பதிவேடு மேலே இருந்தது. இதில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிறகு பிடுங்கிப் பார்த்ததில் மூன்றாவது மாடியின் கேபிளை எடுத்ததும் மற்ற மாடிகள் மூச்சு விட்டன. ஆனால் கூடத்தின் விரல் கருவிகளுக்கு வழி சொல்லும் சர்வர் மூன்றாவது மாடியில்தான் இருந்தது. அக்கா மேலே ஓடி வந்து, நாற்பத்தெட்டாவது போர்ட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இறங்கினார். பதினெட்டில் அமைதி.

"பதினேழு, பதினெட்டு. ரெண்டும் துணை இயக்குநர் ரூம் சுவர்ல இருக்கற ஓட்டை. பதினெட்டுன்னதும் முதல்ல என் குறிப்பைத்தான் திறந்து பாத்தேன்" என்றார் அக்கா.

குறிப்பைத் திறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்விட்ச்சுக்கு வளையத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு சின்னச் சீட்டை வெளியே அனுப்பும். நான் இன்னார் என்பதுதான் சீட்டில் இருக்கும் முழு விஷயம். தன் சீட்டு வேறொரு போர்ட் வழியாகத் தன் கைக்கே திரும்பி வந்தால், வளையம் என்று புரிந்துகொண்டு அந்தப் போர்ட்டை மூடிவிடும். அறியாத பெட்டியின் சீட்டு வந்தாலும் மூடிவிடும். ஒரு வருஷத்துக்கு முன் துணை இயக்குநர் தன் அறையில் டிவி பார்ப்பதற்காக வீட்டிலிருந்து ஒரு குட்டி ஸ்விட்ச் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். அதுவும் சீட்டு அனுப்பும் ஜாதி. ஸ்விட்ச் அதைப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்று தடவை போர்ட்டை மூடியது. அவர் மூன்று தடவை கத்தினார்.

"தற்காலிகமா அந்தக் காவலை எடுத்து விடும்மா" என்றார்.

அக்கா பதினேழுக்கும் பதினெட்டுக்கும் மட்டும் சொன்னார்: சீட்டு அனுப்பாதே, வந்தாலும் படிக்காதே. பக்கத்தில் குறிப்புக்கு விட்டிருக்கும் இடத்தில் ‘தற்காலிகம்’ என்று எழுதி வைத்தார். அப்புறம் அவர் வீட்டு டிவிக்குத் தேவைப்பட்டதால் குட்டிப் பெட்டி வீடு திரும்பியது. அதன் கேபிள் பதினேழில் தொங்கிக்கொண்டு கிடந்தது. தற்காலிகமும் கிடந்தது.

இரண்டு மணிக்கு நெட் திரும்பியது. கூடத்தில் முந்நூறு பேரும் ஒருவர் பின் ஒருவராக உயிர் பெற்றார்கள். அக்கா துணை இயக்குநரின் அறைக்குப் போனார். அவர் வெளியே மீட்டிங்கில் இருந்ததால் அறை பூட்டியிருந்தது. தரை துடைக்கிற அக்காவிடம் இன்னொரு சாவி உண்டு. இந்த இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உண்மையில் யார் மூத்தவர் என்பதைக் கண்டுபிடிக்க இருவருக்குமே விருப்பமில்லை.

கதவைத் திறந்தார்கள். ஒரு மீட்டர் நீலக் கேபிள், ஒரு நுனி பதினேழில், மறு நுனி பதினெட்டில், சுவரோடு அழகாக வளைந்து கிடந்தது.

"அக்கா, அந்த நுனியை நான்தான் சொருகுனேன்" என்றார் துடைக்கிற அக்கா. "தினமும் மாப்புல சிக்கிக்கிட்டே இருந்துச்சு. பக்கத்துல ஒரு ஓட்டை சும்மா இருந்துச்சு. அளவும் கச்சிதமா இருந்துச்சு."

"எப்போ?"

"காலைல, ஒன்பதே முக்கால் இருக்கும். ஏன்க்கா, அதுக்கா இவ்வளவும்?"

அந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். காவல் இருந்திருந்தால் நீங்கள் சொருகியதற்கு ஒரு விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறமாகியிருக்கும், காவலை எடுத்தது நான். போர்ட் அக்கா அதைச் சொல்லவில்லை. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். துடைக்கிற அக்கா இடுப்பில் இருந்த துணியால் ஓட்டை இரண்டையும் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் துணை இயக்குநர், ஏனென்றால் மூன்றாவது மாடியில் அவர்தான் மூத்தவர். உறுப்பினர்கள் கணக்கு அலுவலரும் பணியாளர் பிரிவு அலுவலரும். தனிப்பட்ட விரோதத்தால் நெட்வொர்க் முடக்கப்பட்டதா, கேபிளைச் சொருகியது யார், மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தருக என்று அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது.

வீட்டில் கணவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சொருகினவங்க பேரை எழுதிக் குடுத்துட்டு வா."

"எழுதினா அந்தக்கா நாளைக்கே வீட்டுக்கு. அவங்க கம்பெனிக்கு ஒரு போன் போதும்."

"எழுதலைன்னா நீ வீட்டுக்கு."

"அதுவும் இருக்கு."

"அப்போ நீதான் காவலை எடுத்தேன்னும் எழுதப் போறியா?"

"எடுத்தது நான்தானே."

"எடுக்கச் சொன்னது அந்த ஆளு! எழுத்துல வாங்கினியா?"

"வாயால சொன்னாரு."

கணவர் பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளிக்கு அன்று விடுமுறை.

போர்ட் அக்கா எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரு பக்கம்கூட வரவில்லை. அதன் நகலைப் பார்த்தேன். காலை 9.44க்குப் போர்ட் பதினேழும் பதினெட்டும் ஒரே கேபிளால் இணைந்தன. ஸ்விட்ச் போர்ட்டையும் நேரத்தையும் பதியும், கையைப் பதியாது. அந்த இரண்டு போர்ட்டுகளுக்கும் வளையக் காவல் இல்லை. சென்ற ஆண்டு துணை இயக்குநரின் வாய்மொழி உத்தரவுப்படி நான் நீக்கினேன், மறுபடி போட மறந்தேன். இப்போது போட்டுவிட்டேன், சேமித்துவிட்டேன்.

குழு கூடியது. துணை இயக்குநர் விளக்கத்தை உரக்க வாசித்தார். ‘வாய்மொழி’ வரைக்கும் குரல் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார்.

அந்தத் தண்ணீருக்கான காரணம் எனக்கு அவரிடமிருந்தே கிடைத்தது. அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இந்த வருஷ உயிர்ச்சான்று வரிசையில் சித்தப்பாவுக்கு ஏழு பேர் பின்னால் நின்றிருந்தார். விரல் ரேகை தேய்ந்துபோய், கருவி அவரை மூன்று தடவை நம்ப மறுத்தது. பேச்சுக் கொடுத்தேன்.

"சொருகினது நான்தான்னு இன்னிக்கும் நினைக்கிறேன். அன்னிக்குக் காலைல மீட்டிங்குக்கு ஃபைல் எடுக்க வந்தேன். முந்தின நாள் கோபம் வேற. போன் சார்ஜரைப் பிடுங்கினேன், காலுல ஏதோ ஒயர் தட்டுப்பட்டுது, எதையோ எதிலயோ சொருகிட்டு ஓடினேன். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் கையைப் பதியாதுன்னு எழுதியிருக்கா. என்னைக் காப்பாத்தியிருக்கா" என்றார்.

நான் அவரைத் திருத்தவில்லை. அவர் நான்காவது தடவை விரல் வைக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குக் குழுவில் தண்ணீர் குடித்து முடித்ததும் அவர் சொன்னது, "கட்டடத்துல எலித் தொல்லை ரொம்ப நாளா இருக்கு."

கணக்கு அலுவலர் நேர்மையான மனிதர். "எலி கேபிளைக் கடிக்கும் சார். சொருகுமா?"

"எலியால ஏற்பட்ட இடையூறுன்னு மட்டும் எழுதுங்க. இடையூறுன்னா அதுல எல்லாம் அடங்கிடும்."

"ரெண்டு நுனியும் சரியா உள்ள போயிருக்கே சார்."

"அதைப் பத்தி எலிகிட்ட நீங்க விசாரிக்கறீங்களா?"

கணக்கு அலுவலர் விசாரிக்க முன்வரவில்லை. எலி என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் ஆட்கள் வந்து ஆறு மாடியிலும் எலிப்பொறி வைத்தார்கள். ஒரு எலியும் சிக்கவில்லை. எலிகள் எச்சரிக்கை அடைந்துவிட்டன என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது. போர்ட் அக்காவின் ஒப்பந்தக் கோப்பும் அன்று மாலையே கையெழுத்தாகிக் கீழே வந்தது. இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம். அதற்கப்புறமும் ஒரு தடவை வந்தாயிற்று.

எலிக் கோப்பை இனி யாரும் திறக்க முடியாது. திறப்பதற்கு இயக்குநரின் அனுமதி வேண்டும், இயக்குநர் பதவி எட்டு மாதமாகக் காலி. தரை துடைக்கும் கம்பெனியும் போன வருஷம் மாறி, புதிதாக வந்தவர்கள் அதே ஆட்களை வேறு நிறச் சட்டையில் வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் இதையெல்லாம் அக்கா என்னிடம் சொன்னார், நானும் எழுதுகிறேன்.

கடைசியாக, கேட்க வந்ததைக் கேட்டேன். கோபத்தில் எப்போதாவது யாருடைய போர்ட்டையாவது மூடியது உண்டா?

"இல்லைங்க. மூடினா திறக்கறதும் நான்தான். ரெண்டு வேலை."

"வதந்தியை மறுக்கலாமே."

"எல்லாரும் கதவைத் தட்டிட்டு வர்றாங்க. முன்னாடி யாரும் தட்டினதில்லை."

அந்தச் சமயத்தில் கதவைத் தட்டாமல் ஒருவர் உள்ளே வந்தார். கையில் மாப்பு, வாளி நிறையத் தண்ணீர். துடைக்கிற அக்கா. இந்த அறை அவருடைய வேலையில் சேராது; புது ஒப்பந்தத்திலும் பழைய ஒப்பந்தத்திலும் இல்லை. ஆனாலும் இரண்டு வருஷமாகத் தினமும் இரண்டு தடவை வந்து துடைக்கிறார். தன் பேரை எழுதாமல் விட்டதற்குத் தன்னால் முடிந்தது இதுதான் என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஸ்விட்ச் வைத்திருக்கும் அறைக்குள் வரவே கூடாத பொருள் தண்ணீர். போர்ட் அக்கா அவரைத் தடுக்கவில்லை. இரும்புச் சட்டத்தில் கீழே இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு படி மேலே மாட்டிக்கொண்டார். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்ததாம்.

"அவங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லணும்" என்றார், உதடு அசையாமல். "முதல் வாரமே சொல்லியிருக்கணும். இப்போ சொன்னா, இத்தனை நாள் எதுக்குத் துடைச்சேன்னு கேப்பாங்க."

"என்னக்கா, ரெண்டு பேரும் குசுகுசுன்னு? காலைத் தூக்குங்க" என்றார் துடைக்கிற அக்கா.

நான் தூக்கினேன். போர்ட் அக்காவும் தூக்கினார். மாப்பு மேசைக்கடியில் போய்த் திரும்பியது. போர்ட் அக்கா கண்ணாடியைக் கழற்றினார், சேலை நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அக்கா."

"சொல்லுக்கா."

"அந்த மூலையில தண்ணி கொஞ்சம் கம்மியா விடுங்க."

"உனக்கில்லாததா" என்று சொல்லிவிட்டு, துடைக்கிற அக்கா அந்த மூலையை மட்டும் இன்னொரு தடவை துடைத்தார்.